வீட்டு ரவுட்டர் வழியாக வெப் சர்வர் நடத்துவது எப்படி: முழு வழிகாட்டி

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பையோ ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியையோ வெப் சர்வராக்கிவிடலாம், அதாவது உங்கள் இணையதளத்தைப் பார்வையாளர்களுக்கு அனுப்பும் கணினியாக்கிவிடலாம். சர்வரை நிறுவுவது சின்ன வேலை. ஆளை அலைக்கழிப்பது ரவுட்டர்தான்.

புதிதாக இறங்குபவர்கள் எடுத்த எடுப்பில் ரவுட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வீட்டுக்குள் உள்ள ஒரு கருவிக்கு அனுப்பும் விதி) பக்கத்தைத் திறந்து எண்களை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். தளம் திறக்காது. கோளாறு இணைய நிறுவனத்திடமா, ரவுட்டரிலா, சர்வரிலா என்று கண்டுபிடிக்கவும் வழியிருக்காது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒரு படியின் சோதனை தோற்றால் அங்கேயே நின்று அதைச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஃபைபர் இணைப்புள்ள வீடு. சர்வரில் டெபியன் அல்லது ராஸ்பெரி பை ஓஎஸ், அதன்மேல் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருள். ரவுட்டரின் முகவரி 192.168.1.1, சர்வரின் முகவரி 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம்.

கையில் இருக்க வேண்டியவை: ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு, ஒரு லேன் கேபிள், மொபைல் டேட்டா உள்ள ஒரு போன். அட்மின் பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. அட்மின் பாஸ்வேர்டு பொதுவாக ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். இணைய நிறுவனம் மாற்றி வைத்திருந்தால் அவர்களைத்தான் கேட்க வேண்டும். வீட்டு இணைப்பில் சர்வர் நடத்தக் கூடாது என்று சில நிறுவனங்களின் விதிமுறையில் இருக்கும். அதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

1. பொது முகவரி உங்களுக்கே உங்களுக்காக இருக்கிறதா?

பொது முகவரி என்பது வெளியிலிருந்து உங்கள் வீட்டு இணைப்பை அடைய உதவும் எண். இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டும். இது இல்லையென்றால் போர்ட் ஃபார்வர்டிங்கை எத்தனை முறை சரியாகச் செய்தாலும் தளம் திறக்காது.

ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் ஸ்டேட்டஸ் அல்லது இன்டர்நெட் என்ற பகுதியில் வான் ஐபி (WAN IP, ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்று ஒரு எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டு வைஃபையில் இருந்தபடியே பிரவுசரில் ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, அது காட்டும் ஐபிவி4 எண்ணை (நான்கு எண்கள் புள்ளியால் பிரிந்து நிற்கும் பழைய வகை முகவரி) பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் இரண்டாம் படியைத் தாண்டி நேரே மூன்றுக்குப் போகலாம்.

வேறாக இருந்தால் வான் ஐபியின் தொடக்க எண்களைக் கவனியுங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நிறுவனம் கேரியர் நேட் போட்டிருக்கிறது. ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. வெளியிலிருந்து வரும் கோரிக்கை நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடும், உங்கள் ரவுட்டரை எட்டவே எட்டாது. 10, 192.168 அல்லது 172.16 முதல் 172.31 வரை தொடங்கினால் இரண்டில் ஒன்று: நிறுவனம் அந்த எண்களை வைத்தே கேரியர் நேட் செய்கிறது, அல்லது உங்கள் வீட்டிலேயே இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. பின்னதை அடுத்த படியில் பார்க்கலாம்.

கேரியர் நேட் என்று உறுதியானால் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, நிறுவனத்திடம் ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத பொது முகவரி கேட்பது. பெரும்பாலும் தனிக் கட்டணம் வாங்குவார்கள். கேட்கும்போது ‘கேமரா பார்க்க, சர்வர் வைக்கப் பொது ஐபி வேண்டும்’ என்று சொல்லுங்கள். நெட் ஸ்லோ என்று தொடங்கினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். இரண்டாவது, ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி, அது ஒன்பதாம் படியில் வருகிறது. மூன்றாவது, கிளவுட்ஃபிளேர் டனல் போன்ற சேவை. அதில் உங்கள் சர்வரே வெளியே ஒரு இணைப்பைத் திறந்து வைத்திருக்கும், பார்வையாளர்கள் அதன் வழியாக வருவார்கள். ரவுட்டரில் எதையும் தொட வேண்டாம். ஆனால் சொந்த டொமைன் வேண்டும், போக்குவரத்து முழுவதும் இன்னொருவர் கை வழியாகப் போகும். கேரியர் நேட்டில் மாட்டியவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். ஸ்டாட்டிக் ஐபிக்கு மாதாமாதம் பணம் கட்டும் அளவுக்கு வீட்டுத் தளம் எதுவும் அவசரமில்லை.

2. இரண்டு ரவுட்டர்கள் இருந்தால் ஒன்றாக்குங்கள்

ஃபைபர்காரர் மாட்டிவிட்டுப் போன ஓஎன்டி பெட்டியே பெரும்பாலும் ஒரு ரவுட்டர்தான். வைஃபை போதவில்லை என்று அதன் பின்னால் நீங்கள் இன்னொரு ரவுட்டர் வாங்கி மாட்டியிருந்தால், வரும் கோரிக்கை இரண்டு கதவுகளைத் தாண்ட வேண்டும். இரண்டாவது கதவை மட்டும் திறந்துவிட்டு ஏன் வரவில்லை என்று தேடுவது இங்கே மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

சுத்தமான தீர்வு, ஓஎன்டியைப் பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) மாற்றச் சொல்வது. மாற்றினால், நிறுவனத்தின் இணைப்பில் உள்நுழைவதற்கான பிபிபிஓஇ யூசர்நேமும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் உங்கள் ரவுட்டரில் போட வேண்டிவரும். சில இணைப்புகளில் நிறுவனம் தரும் விலேன் எண்ணும் (இணைப்பைப் பிரித்தறியும் எண்) வேண்டும். இவற்றை வாங்கி எழுதிவைத்த பிறகே மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இருக்கும் நெட்டும் போய்விடும். லேண்ட்லைன் போன் அதே ஓஎன்டியில் ஓடினால் அது பாதிக்கப்படுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜ் தர மறுத்தால், உங்கள் ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (வைஃபை மட்டும் தரும் நிலை) மாற்றுங்கள். அப்போது ஓஎன்டி ஒன்றுதான் ரவுட்டர், ஃபார்வர்டிங்கும் அதில் மட்டும் செய்தால் போதும்.

3. சர்வரை வீட்டுக்குள் ஓடவிடுங்கள்

சர்வரை வைஃபையில் விடாமல் லேன் கேபிளில் இணையுங்கள். என்ஜின்எக்ஸை நிறுவியதும் அது தானாகவே 80-ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது கோரிக்கைகள் வந்து சேரும் எண்ணிட்ட வாசல்) காத்திருக்கத் தொடங்கும். முதலில் சர்வரிலேயே பிரவுசர் திறந்து பாருங்கள். பிறகு வீட்டில் உள்ள வேறொரு கருவியிலிருந்து சர்வரின் உள் முகவரியை அடித்துப் பாருங்கள். என்ஜின்எக்ஸின் வரவேற்புப் பக்கம் இரண்டிலும் வர வேண்டும்.

சர்வரில் திறக்கிறது, பக்கத்து லேப்டாப்பில் திறக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று, சர்வர் மென்பொருள் 127.0.0.1-இல் மட்டும் காத்திருக்கிறது. அந்த முகவரி அந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லும். நோட் ஜேஎஸ், பைத்தான் போன்றவற்றில் எழுதிய செயலிகளை நேரடியாக ஓடவிடும்போது இது அடிக்கடி நிகழும், 0.0.0.0 என்று மாற்றினால் எல்லா இணைப்புகளிலும் காத்திருக்கும். மற்றொன்று, சர்வரின் ஃபயர்வால். யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால் 80 (எச்டிடிபி), 443 (எச்டிடிபிஎஸ்) இரண்டையும் அனுமதியுங்கள். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச்சில் வேலை செய்கிறீர்கள் என்றால், ஃபயர்வாலை இயக்கும் முன்பே அதன் போர்ட்டான 22-ஐ அனுமதித்துவிடுங்கள். இல்லையென்றால் உங்களையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்வீர்கள்.

பழைய லேப்டாப் என்றால் இன்னொன்று: மூடியைச் சாத்தினால் தூங்கிப் போகும் அமைப்பை அணையுங்கள். ராத்திரி மட்டும் தளம் காணாமல் போகிறது என்ற புகார் பலமுறை இங்கே வந்துதான் முடிகிறது.

4. சர்வரின் உள் முகவரியைக் கட்டிப்போடுங்கள்

ரவுட்டர் வீட்டுக் கருவிகளுக்கு முகவரியைத் தற்காலிகமாகத்தான் தருகிறது. இன்று 192.168.1.50 சர்வருக்கு, நாளை கரண்ட் போய் வந்தால் அதே எண் டிவிக்குப் போகலாம். ஃபார்வர்டிங் விதி எண்ணை மட்டுமே அறியும். அது டிவியின் வாசலில் போய்த் தட்டிக்கொண்டிருக்கும்.

ரவுட்டரில் (கருவிகளுக்கு முகவரி பகிரும்) டிஎச்சிபி பகுதியில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில் சர்வரின் மேக் முகவரியையும் (கருவியின் நெட்வொர்க் பகுதிக்கு உரிய அடையாள எண்) 192.168.1.50-ஐயும் சேர்த்துச் சேமியுங்கள். ஸ்டாட்டிக் லீஸ், ஐபி-மேக் பைண்டிங் என்ற பெயர்களிலும் இது இருக்கும். பிறகு சர்வரை ரீஸ்டார்ட் செய்து அதே எண் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே தடுமாற வைப்பது மேக் முகவரி. ஒரே கணினியில் வைஃபைக்கு ஒன்று, லேன் போர்ட்டுக்கு வேறொன்று என இரண்டு இருக்கும். வைஃபையில் இருந்தபோது குறித்த மேக்கைப் பதிந்துவிட்டுப் பிறகு கேபிள் மாட்டினால் ரிசர்வேஷன் வேலை செய்யாது. கேபிள் மாட்டிய பிறகு ரவுட்டரின் கிளையன்ட் பட்டியலில் தெரியும் மேக்கையே எடுங்கள்.

ரிசர்வேஷன் வசதியே இல்லாத ரவுட்டர் என்றால் சர்வரில் நிலையான முகவரியைக் கையால் கொடுக்கலாம். அப்போது ரவுட்டர் பகிர்ந்து தரும் எல்லைக்கு வெளியே உள்ள எண்ணாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். எல்லை 100 முதல் 200 வரை என்றால் 50 சரி, 120 தவறு.

5. போர்ட் ஃபார்வர்டிங்

ரவுட்டருக்கு ரவுட்டர் பெயர் மாறும்: போர்ட் ஃபார்வர்டிங், விர்ச்சுவல் சர்வர், நேட் ஃபார்வர்டிங். எல்லாம் ஒன்றுதான். இரண்டு விதிகள் எழுத வேண்டும்.

முதல் விதி: வெளிப் போர்ட் 80, உள் முகவரி 192.168.1.50, உள் போர்ட் 80, புரோட்டோகால் டிசிபி.
இரண்டாவது விதி: வெளிப் போர்ட் 443, அதே உள் முகவரி, உள் போர்ட் 443, டிசிபி.

படிவத்தில் உள்ள மற்ற கட்டங்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். ரிமோட் ஹோஸ்ட் அல்லது சோர்ஸ் ஐபி என்று ஒரு கட்டம் இருந்தால் காலியாக விடுங்கள். யார் உள்ளே வரலாம் என்று வரையறுக்கும் கட்டம் அது. நிறைய பேர் அதில் தங்கள் பொது ஐபியையே போட்டுவிடுகிறார்கள். அதன்பின் வேறு யாரும் உள்ளே வர முடியாது.

நிறுவனம் கொடுத்த ஓஎன்டியில் வான் இன்டர்ஃபேஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் இன்டர்நெட் என்ற சொல் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். டிஆர்069 என்பது நிறுவனம் பெட்டியைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வழி, வாய்ப் என்பது போனுக்கானது. இந்த இரண்டில் ஒன்று முன்பே தேர்வாகி நின்றால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் விதி செத்துக் கிடக்கும். ஆட் பொத்தானை அழுத்திய பிறகு தனியாக அப்ளை அழுத்தவும், எனேபிள் கட்டத்தில் டிக் போடவும் மறக்காதீர்கள்.

80-ஐச் சேர்க்கும்போது போர்ட் மோதல் என்று ரவுட்டர் மறுத்தால், அதன் அட்மின் பக்கமே வெளிப்பக்கம் அந்தப் போர்ட்டைப் பிடித்திருக்கிறது. ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணைத்தால் விட்டுவிடும். சர்வர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அணைந்திருப்பதே நல்லது.

டிஎம்இசட் என்ற ஒரு வசதியும் அதே மெனுவில் கண்ணைச் சிமிட்டும். ஒரு கருவியின் எல்லாப் போர்ட்டுகளையும் ஒரேயடியாக வெளியே காட்டிவிடும். ‘இதைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று வீடியோக்களில் சொல்வார்கள். போடாதீர்கள். இரண்டு போர்ட் தேவைப்படும் இடத்தில் அறுபத்தைந்தாயிரத்தையும் திறப்பதற்குக் காரணமே இல்லை.

6. வெளியிலிருந்து சோதியுங்கள்

போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பொது ஐபியை அடியுங்கள். உதாரணமாக 203.0.113.25 என்று இருந்தால் அந்த எண்ணையே, முன்னால் http:// சேர்த்து.

வீட்டு வைஃபையிலிருந்தே சோதிப்பது ஏமாற்றும். உள்ளேயிருந்து தன் பொது முகவரியைக் கூப்பிட்டால் அதைத் திருப்பி உள்ளேயே அனுப்பும் திறன் எல்லா ரவுட்டர்களுக்கும் இல்லை. சிலவற்றில் பக்கம் திறக்காது, சிலவற்றில் ரவுட்டரின் லாகின் பக்கம் வரும். அதைப் பார்த்து ரவுட்டர் உலகத்துக்கே திறந்து கிடக்கிறது என்று பயப்பட வேண்டாம். மொபைல் டேட்டாவில் வருவதுதான் உண்மை நிலவரம்.

திறக்கவில்லை என்றால் பிழைச் செய்தியை வாசியுங்கள், அதிலேயே பாதி விடை உண்டு. உடனே ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று வந்தால், கோரிக்கை ஏதோ ஒரு கருவியை அடைந்திருக்கிறது, அங்கே அந்தப் போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை. உள் முகவரி தவறு, அல்லது என்ஜின்எக்ஸ் நின்றுவிட்டது. வெகுநேரம் சுற்றிவிட்டு ‘நேரம் கடந்தது’ என்று வந்தால் வழியில் யாரோ கோரிக்கையை ஓசையில்லாமல் விழுங்கியிருக்கிறார்கள்: கேரியர் நேட், ஃபயர்வால், அல்லது நிறுவனத்தின் தடை.

எங்கே விழுங்கப்படுகிறது என்று பார்க்க, வந்து சேரும் கோரிக்கைகளைத் திரையில் காட்டும் டிசிபிடம்ப் கருவியை, 80-ஆம் போர்ட்டைக் கவனிக்கும்படி சர்வரில் ஓடவிட்டு, போனிலிருந்து மறுபடி திறக்க முயலுங்கள். திரையில் வரிகள் ஓடினால் ரவுட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது, கோளாறு சர்வரில். ஒன்றுமே வரவில்லை என்றால் கோளாறு ரவுட்டரிலோ அதற்கு வெளியிலோ. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நாள் கணக்கில் செட்டிங்ஸை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

எல்லாம் சரியாக இருந்தும் 80 திறக்கவில்லை என்றால் நிறுவனம் 80-ஐ அடைத்திருக்கலாம். உறுதிசெய்ய, வெளிப் போர்ட் 8080-ஐ உள் போர்ட் 80-க்கு அனுப்பிப் பாருங்கள். அது திறந்தால் சந்தேகம் சரி.

7. மாறும் முகவரிக்கு ஒரு பெயர்

ஸ்டாட்டிக் ஐபி இல்லாத இணைப்பில் பொது முகவரி மாறிக்கொண்டே இருக்கும். பெயரை முகவரியோடு இணைக்கும் அமைப்புக்கு டிஎன்எஸ் என்று பெயர். டைனமிக் டிஎன்எஸ் சேவை ஒரு பெயரைத் தந்து, முகவரி மாறும்போதெல்லாம் புதியதோடு அதை இணைக்கும். டக் டிஎன்எஸ் இலவசம். நோ-ஐபியும் இலவசமாகத் தருகிறது, ஆனால் 30 நாளுக்கு ஒருமுறை உள்ளே போய் உறுதிப்படுத்த வேண்டும். மறந்தால் பெயர் போய்விடும்.

முகவரியைப் புதுப்பிக்கும் வேலையை ரவுட்டரிடம் விடுவதா சர்வரிடம் விடுவதா? சர்வரிடம் விடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரானில் (குறித்த நேரங்களில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் போதும், ரவுட்டரை மாற்றினாலும் அது தொடரும். இரண்டு ரவுட்டர் உள்ள வீட்டில் பின்னால் இருக்கும் ரவுட்டரிடம் விட்டால் அது தன் வான் ஐபியை, அதாவது 192.168-இல் தொடங்கும் உள் எண்ணை, பதிந்து வைத்துவிடவும் கூடும்.

சொந்த டொமைன் இருந்தால் அதன் டபிள்யூடபிள்யூடபிள்யூ பெயரை சிநேம் பதிவு (ஒரு பெயரை இன்னொரு பெயரோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவு) மூலம் டைனமிக் பெயருக்குத் திருப்பலாம். முன்னொட்டு இல்லாத வெறும் டொமைனுக்கு சிநேம் வைக்க டிஎன்எஸ் விதி இடம் தராது. அதை டபிள்யூடபிள்யூடபிள்யூவுக்குத் திருப்பிவிடும் வசதி டொமைன் நிறுவனத்திடம் உள்ளதா என்று பாருங்கள்.

8. எச்டிடிபிஎஸ்

பெயர் வேலை செய்து, மொபைல் டேட்டாவில் தளம் திறந்த பிறகே இதற்கு வாருங்கள். எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய சான்றிதழை இலவசமாகத் தரும் அமைப்பு லெட்ஸ் என்கிரிப்ட். அது சான்றிதழ் தரும் முன் உங்கள் சர்வரை வெளியிலிருந்து தொட்டுப் பார்க்கும். அரைகுறை நிலையில் திரும்பத் திரும்ப முயன்றால் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிடும். சோதிக்க வேண்டுமென்றால் அவர்களின் ஸ்டேஜிங் (சோதனைக்கென்றே உள்ள) முகவரியில் சோதியுங்கள்.

என்ஜின்எக்ஸோடு, சான்றிதழ் வாங்கித் தரும் சர்ட்பாட் கருவி எளிது, ஆனால் அதன் வழக்கமான சோதனைக்கு 80 திறந்திருக்க வேண்டும். 80 அடைபட்டு 443 மட்டும் திறந்திருக்கும் வீட்டில் என்ஜின்எக்ஸுக்குப் பதில் கேடி (Caddy) என்ற வெப் சர்வரை வையுங்கள். அது 443 வழியாகவே சரிபார்த்துச் சான்றிதழ் வாங்கிவிடும், புதுப்பிப்பதும் அதுவே.

சான்றிதழ் வந்த கையோடு ‘இனி 80 எதற்கு’ என்று அந்த விதியை நீக்குவது பெரிய தவறு. 90 நாள் சான்றிதழைப் புதுப்பிக்கவும் அதே சோதனைதான். நீக்கிய அன்று எதுவும் தெரியாது, மூன்று மாதம் கழித்து பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டும். காலாவதி பற்றி மின்னஞ்சலில் நினைவூட்டுவதையும் லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. சர்ட்பாட்டில் ஒத்திகைப் புதுப்பிப்பு என்று ஒரு வசதி உண்டு. அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

9. ஐபிவி6 இருந்தால்

ஐபிவி6-இல் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி. ஃபார்வர்டிங் தேவையில்லை. ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் சர்வரின் முகவரிக்கு 80, 443 இரண்டையும் அனுமதித்தால் போதும். சில ஓஎன்டிகளில் இதற்கான பக்கமே இருக்காது, அங்கே இந்த வழி அடைபட்டது.

டிஎன்எஸ்ஸில் பதிய வேண்டியது சர்வரின் ஐபிவி6 முகவரி, ரவுட்டருடையது அல்ல. சர்வரில் பொதுவாக நாளுக்கு ஒருமுறை மாறும் தற்காலிக முகவரியும் கூடவே இருக்கலாம், நிலையானதை எடுங்கள். ஐபிவி4 மட்டுமே உள்ளவர்களுக்கு இந்த வழியில் தளம் திறக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

ஐபிவி6 வேண்டாம் என்று விட்டவர்கள், டிஎன்எஸ்ஸில் பழைய ஏஏஏஏ பதிவு (ஐபிவி6 முகவரிக்கான பதிவு) கிடக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் முதலில் அந்த வழியாகத்தான் வந்து பார்க்கும். ‘எனக்குத் திறக்கிறது, நண்பருக்குத் திறக்கவில்லை’ என்பதற்கும் இது ஒரு காரணம்.

10. பூட்ட வேண்டியவை

போர்ட் திறந்த சற்று நேரத்திலேயே லாக் கோப்பில் முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைத் தேடும் வரிகள் வரத் தொடங்கும். உங்களிடம் வேர்ட்பிரஸே இல்லாவிட்டாலும் வரும். தானியங்கி நிரல்கள் இணையம் முழுவதையும் இப்படித் தட்டிக்கொண்டே இருக்கின்றன, பதற வேண்டாம்.

80, 443 தவிர எதையும் வெளியே திறக்காதீர்கள். எஸ்எஸ்எச்சின் 22, விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389, கேமரா பெட்டியின் பக்கம் எதுவும் வேண்டாம். வெளியூரிலிருந்து சர்வருக்குள் நுழைய வேண்டும் என்றால் வயர்கார்டு போன்ற விபிஎன் (பூட்டிய தனிப்பாதை) வழியாக வாருங்கள், அதற்கு வேண்டிய ஒரு போர்ட் மட்டும் விதிவிலக்கு. ரவுட்டரின் யூபிஎன்பியை அணையுங்கள்; அது இருந்தால் வீட்டில் உள்ள எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமல் தனக்கு ஒரு போர்ட்டைத் திறந்துகொள்ளலாம். சர்வரில் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தானாக நடக்கும்படி வையுங்கள்.

11. கரண்டும் வேகமும்

பார்வையாளருக்குப் பக்கம் போய்ச் சேருவது உங்கள் அப்லோடு வேகத்தில். அப்லோடு 10 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 1.25 எம்பி, 5 எம்பி படம் ஒன்று போய்ச் சேர 4 நொடி. படங்களைச் சுருக்கிப் போடுங்கள்.

கரண்ட் போனால் ஓஎன்டி, ரவுட்டர், சர்வர் மூன்றும் உயிரோடு இருக்க வேண்டும். ஒன்று அணைந்தாலும் தளம் இல்லை. மினி யூபிஎஸ் வாங்கும் முன் ஒவ்வொரு அடாப்டரின் மேலும் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் படியுங்கள். பின் பொருந்துகிறது என்பதற்காக 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட்டைச் செருகினால் ரவுட்டர் போய்விடும். ராஸ்பெரி பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் வேண்டும். அது எஸ்டி கார்டில் ஓடினால் திடீர் கரண்ட் கட்டில் கார்டு கெடலாம், யூஎஸ்பி எஸ்எஸ்டிக்கு மாற்றுவது மேல். மினி பிசி என்றால் பயாஸில், கரண்ட் வந்ததும் தானே எழும் அமைப்பை இயக்கிவையுங்கள்.

கடைசியாக, எல்லாம் ஓடும் நிலையில் ரவுட்டரின் செட்டிங்ஸை பேக்கப் கோப்பாக இறக்கி வையுங்கள். அந்த வசதி இல்லாத ஓஎன்டி என்றால் ஃபார்வர்டிங் பக்கத்தையும் ரிசர்வேஷன் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் தொலைவிலிருந்து அப்டேட் அனுப்பும்போது சில நேரம் இந்த விதிகள் அழிந்துபோகும்.